இடுபவர் காத்திருந்த குன்று

நான்கு வேதங்களும் மலையாகி நின்றன என்று தலபுராணம் போற்றும் திருக்கழுக்குன்றத்தில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வேதகிரீசுவரரைத் தரிசித்த அடியார்கள் அந்நாளில் உடனே கீழே இறங்கிவிட மாட்டார்கள். வெயிலைப் பொருட்படுத்தாமல் உச்சிவேளை வரையில் பாறையோரம் அமர்ந்திருப்பார்கள். 1990கள் வரையில் இத்தலத்துக்கு வந்து சென்ற குடும்பங்களில், அன்று சிறுவர்களாய் இருந்தவர்கள் இன்றும் அக்காட்சியை விவரிப்பார்கள். சர்க்கரைப் பொங்கலும் நெய்யும் ஏந்திய பாத்திரத்துடன் பரம்பரை உரிமை பெற்றவர் பாறைக்கு வருவார். அமர்வார். வானத்தைப் பார்ப்பார். மஞ்சள் முகமும் வெண்சிறகும் கொண்ட பறவைகள் இரண்டு எங்கிருந்தோ சுழன்று இறங்கும். உண்ணும், அலகைத் துடைத்துக்கொள்ளும், பறந்துவிடும். பட்சிதீர்த்தம் என்னும் பெயர் ஊருக்கு நிலைத்ததும் இவ்விருந்தால்தான். சாபம் பெற்ற முனிவர்களே கழுகுகளாய் வருகின்றனர் என்பது தலத்தின் மரபு.

பார்க்க வந்தவர்களின் கண்கள் எல்லாம் பறவைகளின் மேலேயே இருந்தன. பாத்திரத்துடன் அமர்ந்திருந்தவரை எவரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அவர் செய்தது என்ன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். குறித்த வேளைக்கு, குறித்த உணவுடன், குறித்த இடத்தில் அவர் இருந்தார். பறவை வரும் நாளிலும் இருந்தார். வராத நாளிலும் இருந்தார். உண்பது காத்திருக்கவில்லை. இடுபவர்தாம் காத்திருந்தார்.

பறவைகள் வராத நாளில் கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறார் என்று பேசிக்கொள்வது அங்கே வழக்கம். அந்தப் பேச்சிலும் ஒரு நயம் உண்டு. உண்ண வராதது பறவையின் குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. குறை நம் பக்கத்தில் இருக்கலாம் என்றே ஐயுற்றார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் உட்புறச் சிற்றூர்களிலும் முதியோர் இல்லங்களும் குழந்தைகள் காப்பகங்களும் பல உள்ளன. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயிலுக்கும் வரும் குடும்பங்கள் பல, தரிசனத்துக்குப் பின் இத்தகைய இல்லம் ஒன்றில் ஒரு வேளை அன்னம் அளித்துவிட்டுத் திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றன. பிள்ளையின் பிறந்தநாள், தந்தையின் திதி, மணநாள் என்று காரணங்கள் வேறுபடலாம், மனம் ஒன்றுதான். அது நல்ல மனம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அத்தகைய நாளொன்றில் இல்லத்தின் கூடத்தில் நடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டரை மணிக்கு இலை போடப்படுகிறது. அன்னம் அளிக்கும் குடும்பம் மலையிலிருந்து இறங்கவில்லை. படிகளில் பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது. தொலைபேசியில் "இதோ வந்துவிட்டோம்" என்கிறார்கள். ஒரு மணி ஆகிறது. ஒன்றரை ஆகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கிய முதியவர் இலையின் முன் அமர்ந்திருக்கிறார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்குகிறது. பிறகு கார்கள் வருகின்றன. அனைவரும் எழுந்து வணங்குகிறார்கள். பிறந்தநாள் கொண்டாடும் சிறுவனுக்காக ஒரு பாட்டு. ஒரு நிழற்படம். அதன் பிறகே சோறு.

இங்கே தவறு செய்தவர் யார்? வந்த குடும்பத்தார் அல்லர். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பரிமாறும் பெண்ணும் அல்லள். அவள் சொன்னதைச் செய்பவள். இல்லத்தின் தலைமையில் இருப்பவர், காத்திருக்க வேண்டியவர் யார் என்பதை மாற்றி வைத்துவிட்டார். "எங்கள் இல்லத்தில் உணவு பன்னிரண்டரை மணிக்கு. நீங்கள் வந்து பரிமாறினால் மகிழ்ச்சி. தாமதமானால் பந்தி நடந்துகொண்டிருக்கும், வந்து கலந்துகொள்ளலாம்" என்று முதல் நாளே பணிவுடன் சொல்லிவிடும் தலைவரும் உண்டு. அவ்வாறு சொல்வதற்குத் துணிவு வேண்டும். நன்கொடை நின்றுபோகுமோ என்னும் அச்சம் ஒவ்வோர் இல்லத்தின் கதவருகிலும் நிற்கிறது. அந்த அச்சத்தைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முதியவரின் இலைவரைக்கும் வரவிடாமல் தடுப்பதே தலைமைப் பணியின் பெரும்பகுதி.

வேறொரு சங்கடமும் உண்டு. புரட்டாசியிலும் மார்கழியிலும் ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் இனிப்புடன் வந்துவிடும். அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். நல்ல நிர்வாகி மூவரில் ஒருவரை ஏற்றுக்கொண்டு, மற்ற இருவரிடம், அரிசிக்கும் அடுத்த மாத மின்கட்டணத்துக்கும் இரவுக் காவல் பணியாளரின் ஊதியத்துக்கும் அந்தத் தொகையை மாற்றித் தரக் கேட்பார். மின்கட்டணம் செலுத்துவதில் புண்ணியம் உண்டா என்று சிலர் தயங்குவர். வெயில் காலத்து நள்ளிரவில் படுக்கையோடு கிடக்கும் ஒரு மூதாட்டியின் தலைக்கு மேல் மின்விசிறி சுழல்வது அன்னதானத்துக்குக் குறைந்ததா என்ன!

இப்படி ஒரு நாள் நன்றாய்க் கவனித்து மறுநாள் கைவிடுவது புதிய நோயன்று. செவிலியர் பணிக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தம் நூலில், சின்னச் சின்ன ஏற்பாடுகளைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். பொறுப்பாளர் அருகில் இருக்கும்போது நடப்பதெல்லாம் அவர் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், எவ்வளவு அன்பான பணிவிடையும் வீணாகும் என்பது அவர் கருத்து. அன்பு போதாது, ஏற்பாடு வேண்டும் என்கிறார்.

இக்கருத்தை அறிய இலண்டன் வரை போக வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு சென்று, அங்கிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் பழையசீவரம் அடைந்தால், எதிரே பாலாற்றின் மறுகரையில் திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் ஏறத்தாழ கி.பி. 1069. கோயிலுக்கு வரும் நெல்லும் காசும் எவ்வெவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்று அது வகுக்கிறது. பூசைக்கும் திருவிழாவுக்கும் ஒதுக்கியது போக, வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்கள் தங்கிப் படித்த விடுதிக்கும், வீரசோழன் என்று பெயரிட்ட ஆதுலசாலைக்கும் அதில் பங்கு உண்டு. ஆதுலர் என்றால் பிணியாளர், ஆதரவு வேண்டி நிற்பவர்.

அந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள். படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைப் பணி செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து வந்து, விறகிட்டு மருந்து காய்ச்சுவோர் இருவர். மருந்தூட்டிப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவர். ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ இருபதின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், புராண கிருதம், கல்யாண லவணம் என்று அப்பட்டியல் செல்கிறது. இரவில் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். மாணவர்கள் படுக்கப் பாய், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய் ஆகியவையும் மறக்கப்படவில்லை.

அரசன் இந்த ஆணையைத் திருமுக்கூடலில் இருந்துகொண்டு பிறப்பிக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் இருந்து பிறப்பித்தான். அந்தப் பதினைந்து பேரில் ஒருவருடைய முகத்தையும் அவன் பார்த்திருப்பான் என்று சொல்ல முடியாது. ஆயினும், காய்ச்சலில் கிடக்கும் ஒரு மாணவன் நள்ளிரவில் கண்விழித்தால் இருட்டில் அஞ்சக்கூடாது என்று எவரோ நினைத்திருக்கிறார். நினைத்ததோடு நில்லாமல் எண்ணெய்க்கு வழி செய்திருக்கிறார். வழி செய்ததோடு நில்லாமல் எவரும் பின்னாளில் மறுக்க முடியாதபடி கல்லில் வெட்டுவித்திருக்கிறார். மருந்தூட்டும் பெண்ணின் ஊதியம் மருத்துவரின் ஊதியம் பொறித்த அதே சுவரில் இருக்கிறது. சோழர் போர்வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தியும் அங்கே உண்டு. ஆனால் வெற்றிகளைவிட அந்த ஒற்றை விளக்கே மனத்தில் நிற்கிறது.

கருணையை ஒருவர் நல்லெண்ணத்தின் பொறுப்பில் விட்டுவிடாமல், யாருக்கு, எவ்வளவு, எப்போது, யார் கையால் என்று எழுதி வைத்த ஊர் இது. இன்று இந்தியாவில் 2007ஆம் ஆண்டு இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லங்களை மாவட்டத்துக்கு ஒன்றாவது மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. அவை வேண்டியவையே. ஆயினும் சட்டம் கட்டடத்தின் வாசல்வரைக்கும்தான் வரும். உள்ளே விளக்கேற்ற ஓர் ஆள் வேண்டும்.

அத்தகைய ஆள் எப்படி இருப்பார் என்பதற்குச் சென்னைக் கடற்கரை ஒரு சான்று வைத்திருக்கிறது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகை இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. அதே கட்டடத்தில் பின்னர் இளம் கைம்பெண்களுக்கான விடுதி ஒன்று நடந்தது. நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதளவில் மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தவர். பெற்றோர் அவரை மூலையில் உட்காரவைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. 1912இல் சாரதா பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் குடும்ப வீட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமியரோடு தொடங்கிய இல்லம், இடம் போதாமல் வளர்ந்து வளர்ந்து கடற்கரை மாளிகையை அடைந்தது.

வெளியுலகம் அறிந்த பெயர் சுப்புலட்சுமியினுடையது. அதிகாரிகளைச் சந்தித்து மானியம் பெற்றவரும், மகளை அனுப்பத் தயங்கிய தந்தையிடம் பேசியவரும் அவரே. ஆனால் இல்லத்தின் உள்ளே மற்றொரு தலைமை இருந்தது. அவருடைய சித்தி வாலாம்பாள், தாமும் இளமையிலேயே கணவரை இழந்தவர், வீட்டுப் பொறுப்பை ஏற்றிருந்தார். தாய்வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து வரும் பத்து வயதுச் சிறுமிக்குப் பட்டப்படிப்பைவிட, அடுப்படியில் ஒரு சித்தி இருக்கிறாள் என்பதே முதலில் தேவை. வாசலைப் பார்க்க ஒருவரும் அடுக்களையைப் பார்க்க ஒருவரும் இருந்து, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைத்ததால் அந்த இல்லம் நின்றது. இன்றைய இல்லங்கள் பலவற்றில் நிறுவனரின் படம் பெரிதாகத் தொங்குகிறது. சித்தியின் இடம் காலியாக இருக்கிறது.

அவ்வில்லத்துக்கும் குறை இருந்தது. அந்நாளைய சாதிக் கட்டுப்பாட்டை மீறாமல், அந்தண கைம்பெண்களையே அது சேர்த்துக்கொண்டது. ஆசாரமான குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற வேறு வழி இல்லை என்று கருதப்பட்டிருக்கலாம். ஆயினும் வாசலிலேயே நின்றுவிட்ட சிறுமியரை நினைக்கும்போது அதை நிறை என்று சொல்ல மனம் வரவில்லை. கைம்பெண் எதிரே வந்தால் அபசகுனம் என்று எண்ணிய தெருக்களின் வழியே, அந்தச் சிறுமியர் பள்ளிக்குப் போய் ஆசிரியைகளாகத் திரும்பினார்கள் என்பதும் உண்மை. சுப்புலட்சுமி 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார், 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1969இல் மறைந்தார். சிறுமியருக்கு விடுதி நடத்திய ஆண்டுகளில் அவர் வேறெங்கோ வசித்துக்கொண்டு வந்து மேற்பார்வை பார்த்தவர் அல்லர். அவர்களோடு அதே கூரையின்கீழ் இருந்தார்.

உடன் இருப்பவருக்கே சில செய்திகள் தெரியவரும். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி மாலையில் உண்ண மறுக்கிறாள் என்றால், பிடிவாதம் என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். அன்று அமாவாசை என்பதும், கணவர் போன நாளிலிருந்து அமாவாசை இரவில் அவள் சோறு உண்பதில்லை என்பதும் தெரிந்தவர் இரண்டு இட்லி வைத்துக் கொடுப்பார். சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டிய செய்திகள் இவை. விபூதியா திருமண்ணா, ஏகாதசிக்கு என்ன உண்பார், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார், எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். இறுதிக்காலம் வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் கொள்ளியிட வேண்டும் என்று விரும்புகிறார். இதைப் பிள்ளைகளிடம் கேட்டால் போதாது. அவரிடமே கேட்க வேண்டும். கேட்பதற்குத் தயங்குவோர் பலர். ஆனால் நேரில் கேட்கப்பட்ட முதியவர் பெரும்பாலும் அழுவதில்லை, விவரமாகச் சொல்கிறார்.

குறை சொல்லும் உரிமையும் அவ்வாறே. ரசத்தில் உப்பு மிகுதி என்று சொன்னால் நாளை தண்ணீர் தாமதமாக வரும் என்று ஒரு முதியவர் அஞ்சுவாரானால், அந்த இல்லத்தின் பளிங்குத் தரையால் பயன் இல்லை. அந்த அச்சம் ஆயாவிடமிருந்து பிறப்பதாகத் தோன்றும். சற்று ஆராய்ந்தால், ஆயாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்பதும், இருபது பேருக்கு அவள் ஒருத்தியே என்பதும், இரவுப் பணி முடித்தவள் மறுநாள் காலையும் நிற்கிறாள் என்பதும் தெரியவரும். திருமுக்கூடல் ஏற்பாட்டில் 15 படுக்கைக்குப் பணிவிடைப் பெண்கள் இருவர் இருந்தனர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்கும் கைக்கு ஊதியமும் உறக்கமும் கொடுக்காத தலைமை, அந்தக் கையிடமிருந்து கனிவை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்க நேர்ந்த குடும்பங்கள் கோயிலுக்கு வரும் குடும்பங்களிலும் உண்டு. அதை வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். மகன் துபாயில், மகள் பெங்களூரில், வீட்டில் தூக்கிவிட ஆளில்லை என்ற நிலையில் அது பாவம் என்று எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் வரவேற்பறை, பூசையறை, தோட்டம் ஆகியவற்றைத்தான். விழா நாளில் போகாமல், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது. கழிவறைக்குப் போகும் வழியில் கைப்பிடி இருக்கிறதா? ஆயா இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறாள்? ஆறு மாதத்துக்கு மேல் ஒருவரும் நிலைப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். வரவு செலவுக் கணக்கைக் கேட்டால் பொறுப்பாளர் முகம் எப்படி மாறுகிறது? அவர் கூடத்தைக் கடந்து போகும்போது முதியவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களா, பேச அழைக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவற்றை ஓரளவு ஊகித்துவிடலாம்.

திருக்கழுக்குன்றத்து மலையில் இப்போது கழுகுகள் வருவதில்லை. இந்தியா முழுவதிலும் பாறுக் கழுகுகள் அருகிவிட்டன. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோபினாக் என்னும் மருந்து அவற்றை அழித்தது கண்டறியப்பட்டு, கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006இல் தடைசெய்யப்பட்டது. பாறை மட்டும் இருக்கிறது. ஏறி வருவோர் அதைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள்.

மலையேற இயலாதவர்களுக்கு ஊருக்குள் தாழக்கோயில் இருக்கிறது. பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும் அங்கே எழுந்தருளியுள்ளனர். முழங்கால் தேய்ந்தவர்களையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் அழைத்து வருவதென்றால் இல்லத்தார் அங்கேதான் வருவார்கள். பிரகாரத்தைச் சுற்றிவர அரைமணி ஆகும். ஒருவர் கொடிமரத்தடியில் அமர்ந்துவிடுவார். ஒருவர் அம்மன் சந்நிதியை விட்டு அகல மாட்டார். அழைத்து வந்த பொறுப்பாளர் எவரையும் அவசரப்படுத்தாமல் ஓரமாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்வார்: "இன்னும் கால்மணி ஆகும். மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். சாதத்தை மட்டும் சூடாக வைத்திருங்கள்."